செம்பூர் வீட்டுக்கு எந்த வெளிர் நிறம்: வெள்ளையா, ஐவரியா, சந்தனமா, கிரேஜா?

மூன்று வாரம் எங்கள் ஹால் சுவரில் நான்கு சதுரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்தது. முதல் சதுரம் வெள்ளை, என் கணவர் கேட்டது. இரண்டாவது சந்தனம், அத்தைக்குப் பிடித்தது. மூன்றாவது கிரேஜ், அதாவது சாம்பலும் பீஜும் (வெளிர் மணல் நிறம்) கலந்த நிறம், மகள் செல்போனில் பார்த்து வைத்திருந்தது. நான்காவது ஐவரி, துளி மஞ்சள் கலந்த வெள்ளை. பெயின்ட் கடைக்காரர் "இதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்" என்று இந்தியில் சொல்லி, ஒரு சின்ன சாம்பிள் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்.

வீடு மும்பை செம்பூரில், பழைய பில்டிங்கில் இரண்டாவது மாடி. ஹால் ஜன்னல் வடக்கே பார்க்கிறது. எதிர் விங், அதாவது பில்டிங்கின் எதிர்ப் பகுதி, கைக்கு எட்டும் தூரம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே குக்கர் விசில் அடித்தால் எங்கள் வீட்டில் எண்ணலாம். படுக்கையறை மேற்குப் பார்த்தது. சமையலறை ஜன்னல் டக்ட் பக்கம், அதாவது குழாய்கள் இறங்கும் குறுகிய சந்துப் பக்கம் திறக்கிறது. மாட்டுங்கா, சயான், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கே போனாலும் நம் ஆட்களின் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் வெளிச்சம், மற்ற பக்கங்களில் அடுத்த வீட்டுச் சுவர்.

லைட் கலர்தான் வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சின்ன அறை, குறைந்த வெளிச்சம், வேறு என்ன அடிக்க முடியும்? ஆனால் லைட் கலர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே தவிர, ஷேட் கார்டைப் பிரித்தால் அதில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் கையில் பார்க்கும்போது ஒன்று போலவே தெரியும். ஒரு வெள்ளை ஏ4 தாளின் மேல் வைத்துப் பாருங்கள். ஒன்று மஞ்சளாகத் தெரியும், ஒன்று ரோஸாக, ஒன்று பச்சையாக, ஒன்று நீலமாக. வெளிர் நிறத்தின் அடியில் ஒளிந்திருக்கிற இந்தச் சாயல்தான் அறை முழுக்க அடித்த பிறகு வெளியே வரும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஊரில் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். வெறும் சுண்ணாம்பு காய்ந்தால் லேசாகப் பழுப்பு தட்டும். நீலம் அந்த மஞ்சளை அடக்கிச் சுவரைப் பளிச்சென்று காட்டும். கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டால் வீடே நீலமாகிவிடும். வெள்ளையில் சாயல் பார்ப்பதை அந்தத் தலைமுறை ஒரு வாளியும் மட்டையும் வைத்தே செய்தது. அத்தை அதைச் சொல்லித்தான் ஷேட் கார்டைப் பார்க்கவே உட்கார்ந்தார்.

நிறத்துக்கு முன் ஜன்னலைப் பார்க்க வேண்டும். வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது; வானத்தில் சிதறி வருகிற வெளிச்சம்தான், அதில் நீலம் கூடுதல். மும்பை பூமத்திய ரேகைக்கு 19 டிகிரி வடக்கே இருப்பதால், மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே கொஞ்சம் நகர்கிறது. அந்த இரண்டரை மாதம் வடக்கு ஜன்னலுக்கும் கொஞ்சம் வெயில் கிடைக்க வேண்டும். ஆனால் அதில் பாதிக்கு மேல் மழைக்காலம், மேகம் மூடிவிடும். தெற்கு ஜன்னலுக்கு டிசம்பரில் நல்ல யோகம். அப்போது நண்பகல் சூரியன் 48 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வெயில் சாய்ந்து அறைக்குள் நன்றாக வரும். மேற்கு ஜன்னலுக்குச் சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஆரஞ்சு வெயில். ஆக, ஒரே டப்பா பெயின்ட் மூன்று அறையில் மூன்று நிறமாகத் தெரிவதில் அதிசயம் எதுவும் இல்லை.

அடுத்தது எதிரே என்ன இருக்கிறது என்பது. நாங்கள் சதுரங்களை அடித்தது செப்டம்பர் கடைசியில். எதிர் விங் மொட்டை மாடியில் மழைக்காகக் கட்டிய நீலத் தார்ப்பாய் அப்போது இன்னும் அவிழ்க்கப்படவில்லை, ஒரு பக்கம் ஜன்னல் உயரம் வரை தொங்கிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு அதன் மேல் வெயில் பட்டால் எங்கள் ஹாலுக்குள் ஒரு நீலம் பரவும். கிரேஜ் சதுரம் அந்த நேரத்தில் சிலேட் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைச் சதுரம் ஊரில் நீலம் கூடிப்போன சுவரைப் போல இருந்தது. அக்டோபர் இரண்டாவது வாரம் தார்ப்பாயை அவிழ்த்ததும் இரண்டும் மாறின. பின்னால் இருந்த செங்கல் நிறப் பூச்சு தெரிந்தது. அதே பத்து மணிக்கு வெள்ளைச் சதுரத்தில் இப்போது லேசான ரோஸ். ஐவரியும் சந்தனமும் மட்டும் இரண்டு நாளும் ஏறத்தாழ அதே முகத்தோடு இருந்தன. மூன்று வாரம் காத்திருந்ததற்கு இது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது. கடையில் நின்று முடிவு செய்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஷேட் கார்டுகளிலோ நிறுவனங்களின் இணையதளத்திலோ எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை பங்கைச் சுவர் திருப்பித் தருகிறது என்பது அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. நடைமுறையில் நல்ல வெள்ளை 85க்குப் பக்கத்தில், ஐவரி 75 முதல் 80, சந்தனமும் பீஜும் 60 முதல் 70, கிரேஜ் 50 முதல் 60 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

பத்து இருபது எண் வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் எங்கள் ஹாலில் ஜன்னல் வெளிச்சம் முதலில் பக்கச் சுவரில் பட்டு, அங்கிருந்து எதிர்ச் சுவருக்குப் போய், அப்புறம்தான் உள் மூலைக்கு வருகிறது. எல்ஆர்வி 85 உள்ள சுவரில் இரண்டு முறை பட்டால் 100 பங்கில் 72 மிஞ்சும். 78 என்றால் 61. 55 என்றால் 30தான். கிரேஜ் அடித்த ஹாலின் உள் மூலைக்கு வெள்ளை அடித்த ஹாலில் வருவதில் பாதி வெளிச்சம்கூட வராது. பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும். மகளுக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். "அப்போ ஹால் வேண்டாம்மா, என் ரூமுக்குப் பார்க்கலாம்" என்றாள். மேற்கு அறையைப் பிறகு சொல்கிறேன். அங்கே அவள் கேட்டது சரியாகவே அமைந்தது.

அப்படியானால் வெள்ளைதானே ஜெயிக்க வேண்டும்? என் கணவரும் அதையே சொன்னார். வெளிச்சத்தின் அளவில் வெள்ளைக்குத்தான் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் என்னவென்றால் வெள்ளைக்குத் தனக்கென்று ஒரு சாயல் கிடையாது. வந்து விழும் வெளிச்சம் என்ன நிறமோ அதை அப்படியே காட்டும். வெளிச்சம் தாராளமாக இருக்கும் வீட்டில் அது அழகு. உயரமான மாடியில், கடல் பக்கமோ திறந்த மைதானப் பக்கமோ ஜன்னல் உள்ளவர்கள் யோசிக்காமல் வெள்ளை அடிக்கலாம். குறைந்த வெளிச்சமும் நீலம் கலந்த வெளிச்சமும் வருகிற வடக்கு அறையில், அதே வெள்ளை மூலைகளில் சாம்பலாகத் தெரிகிறது. மழைக்காலத்து மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் வெள்ளைச் சதுரம் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி மாதிரி இருந்தது. மீட்டர் வைத்து அளந்தால் அதுதான் பிரகாசம். உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு ஐவரிதான் பிரகாசம். ஐவரியில் இருக்கும் அந்தத் துளி மஞ்சள், வெளிச்சத்தின் நீலத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. ஊரில் சுண்ணாம்பின் மஞ்சளை நீலம் அடக்கியது, இங்கே நேர்மாறு.

சந்தனத்தை நான் எளிதாக விலக்கவில்லை. அத்தை அறுபது வருஷமாகப் பார்த்துப் பழகிய நிறம் அது. அதில் நிற்கும் குத்துவிளக்குக்கும் பித்தளைச் சொம்புக்கும் ஒரு தனிக் களை உண்டு. சதுரமாகப் பார்க்கும்போது மிகவும் இதமாகவும் இருந்தது. ஆனால் அறை முழுக்க அடித்தால் ஒரு சுவரின் மஞ்சள் அடுத்த சுவரில் விழும், அதிலிருந்து மறுபடி இதில் விழும். ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் கெட்டியாகும். இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சார்ட் பேப்பரில் அந்த நிறத்தை இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, நடுவில் மடித்து, பாதி திறந்த புத்தகம் மாதிரி ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். மடிப்பின் உள்பக்கம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறதோ அதுதான் அறையின் மூலையில் தெரியப்போகும் நிறம். அத்தை தாளை வாங்கிப் பிடித்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "இது சந்தனம் இல்லம்மா, மஞ்சக் காப்பு மாதிரி இருக்கு. ரொம்பவே தூக்குது" என்றார். அவருக்காக வேறொரு இடத்தில் அந்த நிறத்தை வைத்தோம். எந்த வெளிர் நிறமானாலும், கார்டில் பிடித்ததைவிட ஒரு படி இளசாக எடுப்பது நல்லது.

ராத்திரி வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் எல்இடி டியூப், அதாவது நீலம் கலந்த வெள்ளை. அதில் கிரேஜ் இன்னும் குளிர்ந்து போகும், ஐவரியின் மஞ்சள் அடங்கும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் ஐவரி வெண்ணெய் நிறத்துக்கு வரும், சந்தனம் ஏறக்குறைய ஆரஞ்சுக்குப் போய்விடும். நாங்கள் நடுவில் 4000 கெல்வினுக்கு மாற்றினோம். பெயின்ட்டை மாற்றுவதைவிட டியூபை மாற்றுவது மலிவு; அதனால் நிறம் முடிவாகும் முன் ஒரு டியூபையாவது மாற்றிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அழுக்கைப் பற்றிச் சொல்லாமல் லைட் கலர் பற்றி எழுத முடியாது. எங்கள் மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது. தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, ஹால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் விழும். அவரை நகர்ந்து உட்காரச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த வெளிச்சம் அவருக்கு வேண்டும். ஆகவே அந்த வட்டத்தைத் தாங்கும் சுவர் எங்களுக்கு வேண்டும்.

இங்கே நிறத்தைவிட முக்கியம் பெயின்ட்டின் பளபளப்பு. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் சுவரின் மேடு பள்ளங்களை மறைக்கும், பழைய பில்டிங்குக்கு அது பெரிய உதவி. ஆனால் சாதாரண மேட்டை ஈரத் துணியால் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கும். கறை போனாலும் தடம் நிற்கும். மெல்லிய பளபளப்புள்ள வாஷபிள் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) துடைப்பைத் தாங்கும், ஆனால் சுவரைச் சமமாக்கும் பட்டி சரியாகப் பார்க்காத இடமெல்லாம் அதில் தெரியும். டியூப் லைட் பொருத்திய சுவரில் இன்னும் மோசம், வெளிச்சம் சுவரை ஒட்டி இறங்குவதால் ஒவ்வொரு அலையும் நிழல் விடும். நாங்கள் ஹாலுக்கு வாஷபிள் எடுத்து, பட்டிக்குக் கூடுதலாக இரண்டு நாள் கொடுத்தோம். மாமாவின் வட்டம் வெள்ளைச் சதுரத்தில் பழுப்பாகத் தெரிந்தது, கிரேஜில் ஈரம் பட்ட மாதிரி கறுத்தது, ஐவரியில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. ஆமாம், நான்கு சதுரத்திலும் துளி எண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

பூஜை மாடத்துக்கு எந்த வெளிர் நிறமும் தாங்காது. நல்லெண்ணெய் விளக்கின் கரி மூன்று மாதத்தில் நாக்கு மாதிரி மேலே ஏறிவிடும், குங்குமம் தொட்ட விரல் வேறு. விளக்குக்குப் பின்னால் டைல்ஸோ கண்ணாடியோ பதித்துவிடுங்கள். அத்தையின் சந்தன நிறம் அங்கேதான் போனது, டைல்ஸாக.

இது எல்லாவற்றையும்விட மும்பையில் தலையாய விஷயம் ஓதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவர் குடித்த தண்ணீர் உடனே வெளியே போகாது. தீபாவளிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக அடிக்கிற வீடுகளில் அடுத்த வருஷமே உப்புப் பூத்து, கொப்புளம் விட்டு, தாள் தாளாக உரியும். வெளிர் நிறத்தில் அந்தப் பழுப்பு வளையமும் கறுப்புப் பூசணமும் தூரத்திலிருந்தே தெரியும். போன முறை எங்களுக்கு அடித்தவர் ஈரச் சுவரின் மேலேயே பட்டி பார்த்துவிட்டுப் போய்விட்டார். படுக்கையறைச் சுவர் ஒன்று முழுசாகப் போனது. அதனால் இந்த முறை தீபாவளி கழியட்டும் என்று விட்டுவிட்டேன். சொந்தக்காரர்கள் வந்தபோது பழைய சுவரும் நான்கு சதுரங்களும்தான் வரவேற்றன, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிச்சுவரிலோ மேல் வீட்டு பாத்ரூமிலோ கசிவு இருந்தால் அதை அடைக்காமல் உள்ளே எந்த நிறம் அடித்தும் பயன் இல்லை. பில்டிங்கை நிர்வகிக்கும் சொசைட்டியில் எழுதிக் கொடுத்து, அந்த வேலை முடிந்த பிறகு பெயின்ட்டரைக் கூப்பிடுங்கள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் (எண்ணெய் பெயின்ட்), முக்கியமாகக் கதவு, கிரில்லில் இருக்கும் மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வறட்டுச் சுரண்டல் வேண்டாம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். சுரண்டும் நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். பழைய டிஸ்டெம்பரை, அதாவது சுண்ணாம்புத் தூள் கலந்த மலிவான பூச்சை, முழுசாக எடுத்துவிட்டுத்தான் எமல்ஷன் அடிக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்டெம்பரோடு சேர்ந்து எமல்ஷனும் கழன்று வரும்.

செலவில் இந்த நான்குக்கும் இடையே பெரிய வித்தியாசம் கிடையாது. விலையை ஏற்றுவது பெயின்ட்டின் தரம், நிறம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அடி உயரம் என்றால் சுவர் 396 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்தால் 340 பக்கம் வரும். நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60, 70 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அடர் நிறச் சுவரின் மேல் வெள்ளையோ ஐவரியோ அடித்தால் மூன்றாவது கோட் தேவைப்படலாம், அதைக் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் எங்கள் வீட்டில் இப்படி முடிந்தது. ஹாலுக்கு ஐவரி. எல்லா அறைகளின் கூரைக்கும் மேட் வெள்ளை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சமையலறையில் டைல்ஸுக்கு மேலே மிஞ்சிய கொஞ்ச இடத்துக்கு வெள்ளை, டக்டிலிருந்து வரும் வெளிச்சத்தை ஒரு துளிகூட விடக் கூடாது என்பதற்காக. மேற்கு அறைக்கு மகளின் கிரேஜ், ஆனால் கார்டில் அவள் காட்டியதைவிட இரண்டு படி இளசு. சாயங்கால ஆரஞ்சு வெயில் அதன் மேல் விழும்போது சாம்பல் மறைந்து சுட்ட ரொட்டியின் ஓரம் மாதிரி ஒரு நிறம் வருகிறது. அதே வெயில் ஐவரியில் விழுந்தால் கண் கூசும் மஞ்சளாகியிருக்கும். அந்த அறைக்கு அவளுடைய தேர்வுதான் பொருத்தம்.

இதே பில்டிங்கில் ஏழாவது மாடிக்காரர்கள் என்னிடம் கேட்டால் ஹாலுக்கும் வெள்ளையே சொல்வேன். வாடகைக்கு விடும் வீடு என்றால், பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொரு முறையும் டச்சப் செய்ய வேண்டியிருக்கும், எந்தக் கடையிலும் கலக்காமல் அப்படியே கிடைக்கும் வெள்ளைதான் வசதி.

வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஐவரி என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு நிறம் வைத்திருக்கிறது. ஷேட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினில் கலக்கும்போது டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் வரலாம், ஆகவே ஒரு அறைக்கான எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அரை லிட்டர் மிஞ்சியது. அதைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, ஷேட் எண்ணையும் தேதியையும் எழுதிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். போன மாதம் அதை ஒரு தடவை இறக்கினேன். மாமாவின் நாற்காலிக்குப் பின்னால், துடைத்தும் போகாத வட்டத்தின் மேல் சின்ன ரோலரால் ஒரு கோட். மத்தியானம் காய்ந்ததும் அவர் வந்து அதே இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தார்.